பெரும்புள்ளி

ஊரில் பணமும் செல்வாக்கும் உள்ள ஆளைப் பெரும்புள்ளி என்பார்கள். இவருக்கு அந்தப் பெயர் வந்த கதை வேறு. குன்றின்மேல் இருந்த ராடார் நிலையத்தின் திரையில் இவர் ஒரு புள்ளி. அதிலும் கண்ணை இடுக்கிக்கொண்டு தேடினால்தான் தெரிகிற புள்ளி. அங்கே யாரோ ஒரு குறும்புக்காரர், "நம்ம பெரும்புள்ளி கடலுக்குக் கிளம்பிட்டாரா?" என்று ஒரு நாள் கேட்கப்போக, பெயர் பசை போட்டதுபோல ஒட்டிக்கொண்டது. வாயிற்காவலரிலிருந்து பெரிய இஞ்சினியர்வரை எல்லாருக்கும் அவர் பெரும்புள்ளிதான். அவருக்கும் அதில் வருத்தமில்லை. "பையில பத்துக் காசில்லாம பெரும்புள்ளி ஆனவன் உலகத்துல நான் ஒருத்தன்தான்" என்று சொல்லிச் சிரிப்பார்.

அவருடைய வேலை, பார்க்கப்படுவது. ராடார் சரியாகப் பார்க்கிறதா என்று சோதிக்க வேண்டுமென்றால் கடலில் ஏதாவது ஒன்று போய்க்கொண்டே இருக்க வேண்டும். அந்த ஏதாவது ஒன்று இவர். சின்ன ஃபைபர் படகு, பின்னால் ஒரு எஞ்சின், நடுவில் ஒரு கம்பம், கம்பத்தின் உச்சியில் மூன்று தகடுகளை மூலை சேர்த்துச் செய்த ரிஃப்ளெக்டர். ராடார் அனுப்புகிற அலை அந்தத் தகடுகளில் பட்டு வந்த வழியே திரும்பிப் போகும். வடக்கே போ என்றால் வடக்கே போவார். மெதுவாக என்றால் மெதுவாக. வட்டமடி என்றால் வட்டம். எங்கே போய்ச் சேர வேண்டும் என்ற கேள்விக்கே இடமில்லை. போவதுதான் வேலை.

அதற்கு முன்னால் அவர் துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டியவர். அங்கே நாள் முழுக்கக் கத்தலும் வசவும். இங்கே வந்த புதிதில், சுற்றிலும் தண்ணீர், நடுவில் தான் ஒருத்தன் என்பதே அவருக்குப் பெரிய விடுதலையாக இருந்தது. தொண்டை கிழியப் பாடுவார். சுருதி எங்கே போனாலும் கேட்க நாதியில்லை. தனக்குத்தானே வழக்காடித் தனக்குத்தானே தீர்ப்புச் சொல்வார். வெயில் ஏறினால் சட்டையைக் கழற்றித் தலையில் போட்டுக்கொள்வார்.

பழைய ராடாருக்குப் பார்வை கொஞ்சம் மங்கல். பெரிய ஆண்டெனா சுற்றிச் சுற்றி வரும். சுற்றுக்கு ஒரு தடவை புள்ளி மினுங்கும். காற்று பலத்து அலை எழும்பிவிட்டால் போதும், அலைகளோடு அலையாக இவரைத் தொலைத்துவிடும். "பெரும்புள்ளி, இருக்கீங்களா?" என்று வாக்கி டாக்கியில் கூப்பிடுவார்கள். "இருக்கேன், இருக்கேன். எங்க போயிடப் போறேன்?" என்பார்.

பிறகு புது ராடார் வந்தது. அது சுற்றாது. கோபுரத்தின் முகத்தில் கரும்பலகைபோல ஒரு தட்டையான பரப்பு, அதற்குள் ஆயிரக்கணக்கில் குட்டிக் குட்டி ஆண்டெனாக்கள். தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் உருட்டிப் பார்க்கிற மாமியாரைப்போல அது இருந்த இடத்திலிருந்தே கடல் முழுவதையும் துழாவியது. ஒரு பொருள் இருக்கிறது என்பது மட்டுமல்ல, அது எவ்வளவு வேகத்தில் போகிறது, போகும்போது அதில் எந்தப் பாகம் ஆடுகிறது என்பதுவரை அதற்குத் தெரிந்தது. மாதம் போகப் போக ரிஃப்ளெக்டர் சின்னதாகிக்கொண்டே வந்தது. முதலில் குடை அகலம், பிறகு சாப்பாட்டுத் தட்டு, பிறகு உள்ளங்கை. கடைசியில் ஒரு நாள் கம்பத்தையே கழற்றி ஓரமாகப் போட்டுவிட்டார்கள்.

அன்றைக்கு நடுக்கடலில் கால் மரத்துப்போய், எழுந்து நின்று சோம்பல் முறித்தார். வாக்கி டாக்கி கரகரத்தது.

"அண்ணே, எழுந்து நின்னீங்களா?"

பேசியது நிலையத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த இஞ்சினியர் பெண். திரைக்கு முன்னால் உட்கார்ந்து அவரைப் பின்தொடர்வது அவளுடைய பொறுப்பு. அவளை அவர் ஓரிரு தடவை தூரத்தில் பார்த்ததுதான். குரல்தான் பழக்கம்.

"உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"திரையில தெரியுதுண்ணே. புள்ளிக்குப் பக்கத்துல சின்னதா ஒரு துடிப்பு வந்துச்சு. கையைத் தூக்கினீங்களோ?"

"சோம்பல் முறிச்சேன்."

"அதேதான்!" அந்தப் பக்கம் யாரிடமோ, "சொன்னேன்ல, சோம்பல் முறிச்சாராம்!" என்று அவள் கத்தியது கேட்டது.

பெரும்புள்ளி தலையில் கிடந்த சட்டையை எடுத்து மாட்டிக் கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டார். இத்தனை நாள் என்னென்ன கூத்தடித்தோமோ என்று கூச்சம் பிடுங்கித் தின்றது. ஆனால் படகைத் திருப்பிக்கொண்டு வரும்போது அந்தக் கூச்சத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. அது பிடித்திருந்தது. தான் எழுந்து நின்றதை ஒருவர் கவனித்து எவ்வளவு காலமாயிற்று!

அவர் வீடு ஐஸ் ஃபேக்டரிக்குப் பின்னால், மாடியில், இரண்டு அறை. மனைவி இப்போது அங்கே இல்லை. சண்டையெல்லாம் ஒன்றுமில்லை. மகன் வேறொரு நகரத்தில் வேலை பார்க்கிறான். மருமகளுக்குப் பிரசவம் என்று மனைவி போனாள். "மூணே மாசம், கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். குழந்தை குப்புற விழுந்து, தவழ்ந்து, நடந்து, இப்போது வாக்கியம் வாக்கியமாகப் பேசுகிறது. மகனும் மருமகளும் வேலைக்குப் போகிறவர்கள். குழந்தையை யார் கையில் விடுவது? கேட்டால் நியாயம்தான். நியாயமான காரணங்களுக்கு எதிராக மனிதன் என்ன பேச முடியும்?

தினமும் சாயங்காலம் அவள் கூப்பிடுவாள். அன்றைக்குக் கூப்பிட்டபோது அவர் அடக்க முடியாமல் சொன்னார்.

"இன்னைக்கு நான் சோம்பல் முறிச்சதைக் கூட அந்த மெஷின் கண்டுபிடிச்சிடுச்சு, தெரியுமா?"

"யாரு?"

"மெஷின். ராடார். நான் கையைத் தூக்கினது அங்க திரையில தெரிஞ்சிருக்கு."

"அடேயப்பா... ஏய், அதை வாயில வைக்காதே! துப்பு, துப்பு! என்னங்க, இவன் எதையோ வாயில போட்டுக்கிட்டான். சாப்டீங்களா?"

"இனிமேதான்."

"சாப்பிட்டுட்டு நேரத்தோட படுங்க. வச்சுடறேன்."

மறுநாள் அவர் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு கடலுக்குப் போனார். சோதனை தொடங்குமுன் எழுந்து நின்று கோபுரத்தின் பக்கம் கையை உயர்த்தி ஆட்டினார். "வணக்கம்ணே, பார்த்துட்டேன்" என்றது வாக்கி டாக்கி. அதிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. இடைவேளைகளில் அவள் தன் வேலையைப்பற்றிச் சொல்வாள். அவர் கேள்வி கேட்பார்.

"கடல்ல இத்தனை அலை ஆடுதே, இதுல நான்தான் ஆளுன்னு அதுக்கு எப்படித் தெரியுது?"

"அலை வந்த இடத்துலேயே ஆடிட்டு அடங்கிடும்ணே. அதையெல்லாம் அது குப்பைன்னு தள்ளிடும். ஒரே திசையில விடாம ஒண்ணு போய்க்கிட்டே இருந்தா, அப்பத்தான் இது அலை இல்ல, ஏதோ இருக்குன்னு நம்பும். நம்பிட்டா அதுக்கு ஒரு நம்பர் போட்டுப் பின்னாலேயே போகும். உங்க நம்பர் ஏழு."

"போய்க்கிட்டே இருக்கணும். நின்னா குப்பை."

"அப்படிச் சொல்லக் கூடாதுண்ணே" என்று சிரித்தாள்.

ஆனால் தொழில்நுட்பம் ஒரு இடத்தில் நிற்குமா? ஆள் உட்கார்ந்து பார்க்க வேண்டிய தேவையே இல்லாத ஒரு புது மென்பொருளை நிலையத்தில் எழுதிக்கொண்டிருந்தார்கள். எழுதியவர்களில் அவளும் ஒருத்தி. ஒரு புள்ளியைக் காட்டிவிட்டால் போதும், அதுவே பிடித்துக்கொண்டு கூடவே போகும். நடுவில் கொஞ்ச நேரம் தொலைந்தாலும், இந்நேரம் இங்கே இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு அந்த இடத்தில் போய்த் தேடும்.

"இனிமே நான் திரை முன்னால இருக்க மாட்டேண்ணே" என்று ஒரு நாள் சொன்னாள். "பக்கத்துக் கட்டடத்துக்கு மாத்திட்டாங்க. நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க, அது எங்களைவிட நல்லாப் பார்த்துக்கும். தூங்காது, டீ குடிக்கப் போகாது."

"நல்லதுதானேம்மா" என்றார் அவர். வேறென்ன சொல்வது?

போக வேண்டிய வழி இப்போது படகில் மாட்டியிருந்த ஒரு டேப்லெட்டில் வந்தது; அதில் திருப்பிப் பேச முடியாது. முதல் நாள் பழக்கத்தில் எழுந்து நின்று கையை ஆட்டினார். வாக்கி டாக்கி சும்மா இருந்தது. மறுநாளும் ஆட்டினார். மூன்றாம் நாள் கை பாதி எழும்பியதும் தலையைச் சொறிவதுபோல இறக்கிக்கொண்டார். பார்க்க யாரும் இல்லாத இடத்தில் யாருக்காக அந்தப் பாசாங்கு என்று அவருக்கே விளங்கவில்லை.

அந்தப் பெரிய சோதனை வந்தது மழைக்காலம் முடிந்த பிறகு. பெரிய இஞ்சினியரே நேரில் கூப்பிட்டு விளக்கினார். எந்த உதவியும் இல்லாமல் மென்பொருள் தானாக எவ்வளவு தூரம் பின்தொடர்கிறது என்று பார்க்க வேண்டும். ரிஃப்ளெக்டர் கிடையாது, படகு இருக்கும் இடத்தை நிலையத்துக்குச் சொல்லும் கருவி கிடையாது, வாக்கி டாக்கியில் பேச்சும் கிடையாது. "அவசரம்னா மட்டும் பேசுங்க. வழி முடிஞ்சதும் நேரா வீட்டுக்குப் போயிடலாம்" என்றார். கைபேசியை எப்போதும்போல வாயிலிலேயே பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டும். அது அங்கத்திய பாதுகாப்பு விதி.

கரை ஒரு கோடாக மெலிந்த இடத்தில், முற்பகலில், எஞ்சின் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது. மூடியைத் திறந்தார். எங்கிருந்தோ தண்ணீர் புகுந்து பேட்டரி இருந்த அறை குளமாகிக் கிடந்தது. வாக்கி டாக்கிக்கும் அதே பேட்டரிதான். பொத்தானை அமுக்கினார். ஒரு பொட்டுச் சத்தமில்லை. வாளியால் தண்ணீரை இறைத்தார், வயரைத் துடைத்தார், ஊதினார், கெஞ்சினார், திட்டினார். கல்லுப் பிள்ளையாராக இருந்தது எஞ்சின்.

கொஞ்ச தூரத்தில் ஒரு மீன்பிடிப் படகு துறைமுகத்தைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. பெரும்புள்ளி சட்டையைக் கழற்றிச் சுழற்றினார், கூவினார். அதில் இருந்தவர்கள் முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்து எதையோ பிரித்துக்கொண்டிருந்தார்கள். எஞ்சின் சத்தத்தில் எது காதில் விழும்? படகு அவரைக் கடந்து, சின்னதாகி, போயே போய்விட்டது.

அவர் பயப்படவில்லை. உண்மையாகவே பயப்படவில்லை. சோம்பல் முறித்தால் தெரிந்துகொள்கிற கண் குன்றின்மேல் இருக்கும்போது என்ன பயம்? எழுந்து நின்று இரண்டு கைகளையும் தலைக்குமேல் உயர்த்தி ஆட்டினார். கொஞ்சம் உட்கார்ந்தார். மறுபடி ஆட்டினார். "நின்னாச்சு பாரு, ஏழாம் நம்பர் நின்னாச்சு. வந்து என்னன்னு கேளுங்க" என்று கோபுரத்தைப் பார்த்துச் சொன்னார். கொண்டுவந்த ரொட்டியைத் தின்றார். தண்ணீரைப் பாதி குடித்துப் பாதி வைத்தார். படகு அலையோடு ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது.

வெயில் சாய்ந்தது. யாரும் வரவில்லை. அப்போதுதான் அந்தப் பெண்ணிடம் தான் சொன்னது நினைவுக்கு வந்தது. நின்றுபோனவன் குப்பை. காலையிலிருந்து தான் ஆடிக்கொண்டிருப்பது இந்த அலைகள் ஆடுகிற ஆட்டம்தானே! சரி, அந்தக் கண் விட்டுவிட்டது. வேறு யாராவது தேடுவார்களா என்று யோசித்தார். நிலையத்தில் எல்லாரும் வீட்டுக்குப் போயிருப்பார்கள். கீழ்வீட்டுக்காரர் இவர் வந்தாரா வரவில்லையா என்று கதவைத் தட்டிப் பார்க்கிற ஆள் இல்லை. மனைவி கூப்பிடுவாள், எடுக்காவிட்டால் தூங்கிவிட்டார் என்று நினைப்பாள். விரல் விட்டு எண்ணலாம் என்று ஆரம்பித்தவருக்கு விரல்கள் மீந்துவிட்டன.

படகின் அடியில் ஒரு துடுப்பு கிடந்தது. அதை எடுத்தார். கரை ரொம்ப தூரம், கையால் போய்ச் சேர முடியாது என்று அவருக்குத் தெரியும். ஆனால் போய்ச் சேர்வதற்காக அவர் துடுப்புப் போடவில்லை. கோபுர உச்சியில் எரிந்த சிவப்பு விளக்கை நேர்கோடாகப் பிடித்துக்கொண்டு, இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு என்று, கோணாமல் நிற்காமல் போட்டார். தோள்பட்டை கழன்றுவிடும்போல வலித்தது. நின்றால் மறுபடி முதலிலிருந்து நம்பவைக்க வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டார். பழைய நாட்களில் பாடிய பாட்டு ஒன்று வாயில் வந்தது. மூச்சு போதாமல் வார்த்தைகளை விழுங்கி விழுங்கிப் பாடினார்.

இருட்டிக் கொஞ்ச நேரத்தில் ஒரு வெளிச்சம் முகத்தில் அறைந்தது.

"நிறுத்து! கையைத் தூக்கு!"

ரோந்துப் படகு. முன்னால் நின்ற இளம் அதிகாரியின் கையில் துப்பாக்கி இருந்தது. பெரும்புள்ளி துடுப்பைப் போட்டுவிட்டுக் கையைத் தூக்கினார். கை பாதிக்குமேல் எழும்பவில்லை.

"யார் நீ? விளக்கில்லாம எங்க வர்றே?"

"சார், நான் ராடார் நிலையத்து ஆளு. சோதனைப் படகு. எஞ்சின் நின்னுபோச்சு."

அதிகாரி நிலையத்துக்குப் பேசினார். அங்கே காவல்வேலையில் இருந்தவர் பதிவைப் பார்த்துச் சொன்னது ஸ்பீக்கரில் தெளிவாகக் கேட்டது. "சோதனைப் படகு ஏழு மத்தியானமே துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தாச்சுங்க. பதிவு இருக்கு."

அதிகாரியின் முகம் இறுகியது. "அந்த ஆளு மத்தியானமே வந்தாச்சாம். அப்ப நீ யாரு?"

பெரும்புள்ளி உப்பு பூத்த உதட்டை நக்கிக்கொண்டு, வெளிச்சத்துக்குக் கண்ணை இடுக்கிக்கொண்டார். தான் வீடு போய்ச் சேர்ந்து, கதவைத் திறந்து, விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதுபோல ஒரு எண்ணம் வந்துபோனது. அந்த மனிதர்மேல் பொறாமையாகக்கூட இருந்தது.

"அங்க ஒரு இஞ்சினியர் பொண்ணு இருக்கு, சார்" என்றார் கடைசியில். "அதைக் கூப்பிடுங்க. என் குரல் அதுக்குத் தெரியும்."

குடியிருப்பிலிருந்து அவளைத் தேடிப்பிடித்து இணைப்புக் கொடுக்கச் சற்று நேரமாயிற்று. அதிகாரி ஒலிவாங்கியை அவர் வாய்க்கருகே நீட்டினார்.

"அம்மா, நான்தான்" என்றார்.

"அண்ணே! நீங்க... நீங்க வீட்ல இல்லையா?"

அதிகாரி துப்பாக்கியை இறக்கிவிட்டுத் தன் கம்பளியை எடுத்துக் கொடுத்தார்.

எல்லாம் முடிந்து, வாயிலில் கைபேசியை வாங்கிக்கொண்டு அவர் வீடு வந்து சேர்ந்தபோது ஊர் அடங்கிவிட்டிருந்தது. கைபேசியைப் பார்த்தார். மனைவியிடமிருந்து ஒரே ஒரு அழைப்பு வந்து தவறியிருந்தது. மறுபடி அவள் கூப்பிடவில்லை. இந்த நேரத்தில் கூப்பிட்டால் குழந்தை எழுந்துகொள்ளும் என்று அவரும் கூப்பிடவில்லை.

மறுநாள் நிலையத்தில் பெரிய இஞ்சினியர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். மன்னிப்புக் கேட்டார். உண்மையாகத்தான் கேட்டார். ஆனால் அந்த மனிதருக்குச் சந்தோஷத்தை மறைக்கத் தெரியவில்லை. "ரிஃப்ளெக்டர் இல்ல, எஞ்சின் இல்ல, துடுப்புப் போடற வேகம். அதைப் போய் அவ்வளவு தூரத்துல, இருட்டுல, தானாகவே கண்டுபிடிச்சு ரோந்துக்குச் சொல்லியிருக்கு! இந்த மாதிரி சோதனையை நாங்க யோசிச்சுக்கூடப் பார்க்கல." பெரும்புள்ளி தலையாட்டினார். தன்னால் ஒரு நல்ல காரியம் நடந்ததில் அவருக்கும் சந்தோஷம்தான். தோளை மட்டும் அசைக்க முடியவில்லை.

இஞ்சினியர் பெண் அவரைத் திரைக்கு முன்னால் உட்காரவைத்தாள். இத்தனை வருஷத்தில் அந்த அறைக்குள் அவர் வந்தது அதுதான் முதல் தடவை. பதிவை ஓடவிட்டாள். பச்சைப் புள்ளி ஒன்று, பக்கத்தில் ஏழு என்று எழுதி, ஊர்ந்து போனது. நின்றது. அதை உரசினாற்போல இன்னொரு புள்ளி வந்தது. இரண்டும் பிரிந்தபோது, ஏழு என்ற எண் நகர்ந்துபோன புள்ளியோடு ஒட்டிக்கொண்டு துறைமுகத்துக்குப் போயிற்று. அந்த மீன்பிடிப் படகுதான் அது. நின்ற புள்ளி கொஞ்சம் மங்கி, மினுங்கி, இல்லாமல் போனது.

"போறதுதான் நீங்கன்னு நினைச்சுடுச்சுண்ணே" என்றாள். "ரெண்டு படகு பக்கத்துல வந்தா மாறிப்போறதுக்கு வாய்ப்பு இருக்குன்னு எங்களுக்குத் தெரியும். சரி பண்ணிட்டோம்னு நினைச்சோம். அந்தப் பகுதியை எழுதினது நான்."

"எழுதினா தப்பு வரும், ஓட்டினா எஞ்சின் நிக்கும். விடும்மா." கொஞ்சம் தயங்கி, "நான் கையை ஆட்டினேன். மத்தியானம் பூரா ஆட்டினேன். அது எங்கேயாவது இருக்கா?" என்று கேட்டார்.

அவள் வேறொரு பதிவைத் திறந்தாள். வடிகட்டுவதற்கு முன்னால் ராடார் வாங்கிவைத்த எல்லாம் அதில் இருந்தது. திரை முழுக்க அரிசியைக் கொட்டியதுபோல அலைகள். அதற்குள் ஒரு மூலையை அவள் பெரிதாக்கிப் பெரிதாக்கிக் காட்டினாள். ஒரு இடத்தில் மெல்லிய துடிப்பு ஒன்று தெரிந்தது. கொஞ்சம் துடிக்கும், ஓயும். மறுபடி துடிக்கும். மணிக்கணக்கில் அது அப்படியே இருந்தது.

"பார்த்திருக்குண்ணே" என்றாள். "பார்த்துட்டுத்தான் தள்ளியிருக்கு."

பெரும்புள்ளி குனிந்து அந்தத் துடிப்பைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் இருந்த அந்த ஆள்மேல் அவருக்கு இரக்கம் பொங்கியது. பிறகு "போதும்மா, மூடு" என்றார்.

சாயங்காலம் மனைவி கூப்பிட்டாள். "நேத்து எடுக்கவே இல்லையே? அசந்து தூங்கிட்டீங்களா?"

"ஆமா, தூங்கிட்டேன்" என்றார்.

சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் பதறுவாள், பதறினாலும் உடனே வர முடியாது, வர முடியாததற்கு இன்னொரு நியாயமான காரணம் சொல்வாள். அதைக் கேட்க அவருக்குத் தெம்பில்லை.

ஆனால் பூனை எத்தனை நாள் மூட்டைக்குள் இருக்கும்? நிலையத்தில் புது விதி போட்டார்கள். படகுக்குத் தனி பேட்டரியில் இன்னொரு வாக்கி டாக்கி. கரை சேர்ந்ததும் அவரே பேசிச் சொல்ல வேண்டும், மெஷின் சொன்னால் போதாது. அவர் பேசாவிட்டால் வீட்டில் விசாரிக்க ஒரு எண் வேண்டும் என்றார்கள். வீட்டில் இருப்பது அவர் ஒருவர்தான். யோசித்துப் பார்த்து மனைவியின் எண்ணைக் கொடுத்தார். எண் சரிதானா என்று பார்க்க நிலையத்திலிருந்து யாரோ அவளைக் கூப்பிட்டு, "அன்னைக்கு உங்க வீட்டுக்காரர் கடல்ல மாட்டிக்கிட்டது மாதிரி இனிமே நடக்காதும்மா" என்று ஆறுதலாகச் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

தோள் வலிக்காக விடுப்பில் வீட்டில் இருந்த அவரை அன்றைக்கு அவள் மத்தியானமே கூப்பிட்டாள்.

"ஊரான் சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"ஒண்ணும் ஆகலையே. வந்துட்டேன்ல."

"வந்துட்டேன்லயா? நான் கூப்பிட்டேன், நீங்க எடுக்கல. தூங்கிட்டீங்கன்னு நினைச்சு நான் பாட்டுக்கு இவனுக்குக் கதை சொல்லிட்டுப் படுத்துட்டேன். நிம்மதியா தூங்கினேங்க அன்னைக்கு. அதை நினைச்சா..." அழுகிற சத்தம் வந்தது. பின்னால் குழந்தை, "ஏன் அழறே, ஏன் அழறே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

"அழாதே. அவன் பயந்துக்கப் போறான்."

"தண்ணியாவது இருந்துச்சா படகுல?"

"இருந்துச்சு. பாதி வச்சிருந்தேன்."

மருமகளுக்கு விடுப்புக் கிடைத்ததும் அவள் வந்தாள். பத்து நாள் இருந்தாள். அடுப்படியை ஒழித்துக் கழுவினாள், திரைச்சீலையை மாற்றினாள், அவர் தோளில் தைலம் தேய்த்தாள், இரண்டு ஆண்டுக்குச் சேர்த்துத் திட்டினாள். வீடு நிறைந்திருந்தது. பிறகு மருமகளின் விடுப்பு முடிந்தது. பேருந்து நிலையத்தில் அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஏறினாள். அவர் பை வைக்க இடம் பார்த்துக் கொடுத்துவிட்டு இறங்கினார்.

வேலைக்கு மறுபடி போகிறார். அடுத்த வருஷம் ஆளில்லாமல் தானே ஓடுகிற படகு வரப்போகிறது என்று பேசிக்கொள்கிறார்கள். வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்றிருக்கிறார். கரை சேர்ந்ததும் வாக்கி டாக்கியில் "ஏழு வந்தாச்சு" என்கிறார். அந்த நேரத்துக்கு யார் இருக்கிறார்களோ அவர்கள் "சரி" என்கிறார்கள்.

மனைவியின் சாயங்கால அழைப்பு மட்டும் இப்போது கொஞ்சம் மாறிவிட்டது. சாப்பிட்டீங்களா என்று அவள் முதலில் கேட்பதில்லை.

"எங்க இருக்கீங்க?"

"வீட்லதான்."

"வீட்ல எங்க?"

"அடுப்படியில. ஜன்னல் பக்கம்."

"என்ன பண்றீங்க?"

"முட்டை உடைக்கலாம்னு கையில எடுத்தேன். நீ கூப்பிட்டே."

"ம்" என்பாள். அதை மனதுக்குள் வாங்கி ஓரிடத்தில் வைத்துக்கொள்வதுபோல இருக்கும். பிறகு குழந்தை எதையோ தள்ளிவிடும், அவள் அவசரமாக வைத்துவிடுவாள்.

அவர் கைபேசியை மேடைமேல் வைத்துவிட்டு, அவளிடம் சொன்ன அதே இடத்தில், ஜன்னலோரமாக, கையில் முட்டையோடு கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருப்பார். கீழே ஐஸ் ஃபேக்டரியில் யாரோ கதவை இழுத்துச் சாத்துவார்கள். அப்புறம் அடுப்பைப் பற்றவைப்பார்.